கொடியை இறக்கியவன்

தேம்ஸ் கரையில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு யோரிஸ் குடிவந்த அன்றே, வாசலில் யாரோ அழுகிய மீன் தலைகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு நாடுகளும் போரிட்டு ஓய்ந்த சமயம். லண்டனில் ஹாலந்துக்காரனுக்கு அதுதான் வரவேற்பு. கடலும் கப்பலும் வரைகிறவனுக்குச் சொந்த ஊரில் பிழைப்பு இல்லை என்று வந்தவன், ரோஷப்பட்டு என்ன செய்வது? மனைவி ஹில்லே அவற்றை வாரி ஆற்றில் கொட்டினாள்.

வீட்டைக் கொடுத்தவர் கேப்டன் ஹார்கிரேவ். வாடகைக்குப் பதில் ஒரு படம் கேட்டார். போரில் அவர் கொளுத்திய ஹாலந்துக் கப்பல் கொடியை இறக்கிச் சரணடைவதுபோல் இருக்க வேண்டும். மறுத்தால் உளவாளி என்று பிடித்துக் கொடுப்பாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தக் கப்பல் கொடியை இறக்கவே இல்லை.

யோரிஸுக்குத் தெரியும். சண்டைக்கு நடுவே சின்னப் படகில் உட்கார்ந்து அதைக் கண்ணால் பார்த்து வரைந்தவன் அவன். கடைசிவரை கொடிமரத்தைக் கட்டிக்கொண்டு எரிந்தவன் அவனுடைய தம்பி லூபர்ட்.

வயிறு கேட்குமா? கொடியை இறக்கி வரைந்தான்.

காலையில் கொடி உச்சியில் பறந்தது. அறை முழுக்கத் தாரும் பொசுங்கிய மயிரும் நாறின.

சுரண்டிவிட்டு மறுபடி இறக்கினான். விடிந்ததும் மறுபடி ஏறியிருந்தது. தொட்டால் ஈரம். நாக்கில் வைத்தால் உப்பு.

"உங்க தம்பிதான் இது," ஹில்லே கிசுகிசுத்தாள். "ஊருக்கே போயிடலாம், வாங்க."

"செத்தவனுக்குப் பசிக்காது ஹில்லே. நமக்குப் பசிக்குது." அறைக்கே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான்.

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

கேப்டன் வரவேண்டிய நாளில் பகலிலேயே மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. யோரிஸ் கொடியைக் கடைசியாக இறக்கி வரைந்து, கித்தானுக்கு எதிரிலேயே காவல் உட்கார்ந்தான். கொடி அசையவில்லை. நாற்றமும் போய்விட்டது. தம்பி தோற்றுவிட்டான் என்று தோன்றியதும் அவனுக்கு அழுகைதான் வந்தது.

கேப்டன் மெழுகுவர்த்தியைப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "பரவாயில்லையே, உங்க ஆளுங்க தோக்குறதுகூட அழகாத்தான் இருக்கு." வெளிச்சம் மூலைக்கு நகர்ந்து நின்றது. "இந்தப் படகுல உக்காந்து வரையிறது நீதானே?"

"ஆமா, கேப்டன்." எல்லாப் படத்திலும் அவன் போடும் அடையாளம் அது.

"உன் கழுத்துல கைபோட்டுக்கிட்டு, கரிக்கட்டையாட்டம் ஒருத்தன் இருக்கானே, அவன் யாரு?"

யோரிஸ் அந்தப் படகில் ஒரே ஒருவனைத்தான் வரைந்திருந்தான்.

படம் போயிற்று. வீடு நிலைத்தது. அதற்குமேல் கேப்டன் ஒரு கூடை ரொட்டியும் வெண்ணெயும் அனுப்பியிருந்தார். ஹில்லே மேஜையில் எடுத்து வைத்தாள்.

"கழுத்துல என்ன கரி?" ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. துணியை எடுத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்தாள். ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

யோரிஸ் ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனான். கழுத்தில் அந்த விரல்கள் இறுகின.

கீழே வைத்தான். தளர்ந்தன.

மறுபடி எடுத்தான்.