பெனியனுக்குள் ஏழு கீறல்கள்

ஆஸ்பத்திரி அறை குளிரில் விறைத்தது. முனாப் ஹாஜியாரின் முதுகுக்குக் கீழே மட்டும் மெத்தை இளஞ்சூடாக இருந்தது. வியர்வை என்று முடிவு செய்தார். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஒன்றை முடிவு செய்தால் ஊரில் அதற்கு மறுபேச்சு இருப்பதில்லை.

பரிசளிப்பு விழாவொன்றில் ஆறு மணி நேரம் மேடைக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததில் இடது காலின் நாளத்தில் இரத்தம் உறைந்துவிட்டது என்றார் டொக்டர். எழும்பினால் அந்தக் கதிரையில் வேறு யார் உட்காருவார் என்பது டொக்டருக்குத் தெரியாது. முழங்காலின் பின்புறத்தால் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, உறைந்த கட்டியின் மேலேயே கரைக்கும் மருந்தைச் சொட்ட விட்டிருந்தார்கள். விடியும்வரை அசையக் கூடாது.

மருந்து ஏற்றுமுன் தாதி உசாந்தினி கேட்டிருந்தாள்.

"ஹாஜியார், இந்த ரெண்டு கிழமைக்குள்ள வெட்டு, கீறல், காயம் ஏதும்? மறைக்காமச் சொல்லுங்க. இந்த மருந்து காஞ்ச காயத்தையும் திறந்திரும்."

"என்ட உடம்புல ஒரு கீறலும் இல்ல மிஸ்."

ஏழு இருந்தன. கால் வலிக்கென்று முந்தாநாள் றஸாக் அவர் முதுகில் ஏழு இடத்தில் கீறி, கிண்ணம் கவிழ்த்து, ஹிஜாமா இரத்தம் எடுத்திருந்தான். அதே றஸாக்கின் ஹிஜாமாக் கடையைச் சுத்தமில்லை என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிவாங்கியில் முழங்கி மூட வைத்தவர் ஹாஜியார். அவனை இரகசியமாக வீட்டுக்கு அழைத்தவரும் அவர்தான். தாதி பெனியனைக் கழற்றச் சொன்னபோது, ஆண்கள் முதுகைக் காட்டக் கூடாதென்று எந்தக் கிதாபிலும் இல்லாத சட்டமொன்றைச் சொல்லித் தப்பியிருந்தார்.

"மிஸ்ஸிட்டச் சொல்லட்டா?" என்று மனைவி சரீபா நாலாவது தடவையாகக் கிசுகிசுத்தாள்.

"ஊருல நான் தலை நிமிந்து நடக்கிறல்லயா? வாயப் பொத்திட்டு இரி."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சபை உறுப்பினர்கள் ஆறு பேரும் சுகம் விசாரிக்க வந்தார்கள். ஆண்கள் நுழைந்ததும் சரீபா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் உண்மை தெரிந்த ஒரே ஆள்.

அத்தர் வாசம் அறையை நிறைத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், ஈரமான பழைய இரும்பைப் போல. முதுகில் ஒவ்வொரு கீறலாக விழித்தது. ஒன்று. மூன்று. கிண்ணம் ஏதுமில்லாமலே ஏழு வாய்கள் மெதுவாக உறிஞ்சுவது அவருக்குக் கேட்டது. விரல் தாதியை அழைக்கும் மணியின் பொத்தானைத் தேடியது.

செயலாளர் றிபாஸ் அப்போது பார்த்துத்தான் சொன்னார்:

"நம்மட தலைவரப் பாருங்க. நேரா டொக்டரிட்ட வந்திரிக்கார். றஸாக்கிட்ட முதுகக் குடுத்த மடையனுகளுக்கு இது பாடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரும். விரல் திரும்பி வந்தது.

முதுகு நனைந்தது. பிறகு இடுப்பு. கட்டிலுக்கு அடியில் ஒரு சொட்டு.

இன்னொன்று.

போதும். சொல்லிவிடலாம். மானம் போனால் போகட்டும்.

வாயைத் திறந்தார். உப்பு. சூடு. பல் முரசுகளில் ஊறிய இரத்தம் நாக்கை மூடியது. சொல் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

சிரிப்புகள் நின்றன. ஆறு முகங்களும் குனிந்தன.

"மௌத்தாகிற நேரம், கடைசிக் கலிமாச் சொல்றார்," என்றார் றிபாஸ் மெல்ல. "கதவச் சாத்துங்க. ஒருத்தரும் குழப்பக் கூடா."

கதவு சாத்தப்பட்டது. ஆறு பேரும் சேர்ந்து, அவருக்காக, நிறுத்தி நிதானமாகக் கலிமாவைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஹாஜியார் தலையை ஆட்டினார். இல்லை. இல்லை. கை மணியை நோக்கி நீண்டது.

றிபாஸ் அந்தக் கையை மரியாதையாகப் பிடித்தார். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் சுட்டுவிரலை மட்டும் நிமிர்த்தி, வானத்தை நோக்கி, விடாமல் பிடித்துக்கொண்டார்.