கண்துளை இல்லாத விரிப்பு

வாருங்கள். வந்து இந்தச் சுவரைப் பாருங்கள். அயர்லாந்தின் நடுப்பகுதியில், மழை ஓயாத ஒரு சிற்றூரில், ஊர்மன்றத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு எழுப்பிய கற்சுவர் இது. சுவருக்கு அப்பால் ஒரு புல்வெளி. அங்கே சிலுவை இல்லை, கல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மணமாகாமல் தாயானவர்களைக் கன்னியாஸ்திரீகள் அடைத்து வைத்திருந்த இல்லம் ஒன்று ஐம்பதாண்டுகளுக்கு முன்புவரை இங்கே நடந்தது. அந்தத் தாய்மார்கள் பெற்றுப் பறிகொடுத்த நாற்பத்தொரு குழந்தைகள் இந்தப் புல்லுக்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்று ஊர் சொல்லிவந்தது. அது பொய். பெயர்கள் இருக்கின்றன. எண்ணெய்த்துணியில் சுற்றிய பதிவேடு ஒன்றில், மை மங்காமல், வரிசை தவறாமல் இருக்கின்றன. சென்ற கோடையில், இல்லத்தின் பழைய சாமான்கள் கிடந்த மன்றத்தின் மாடி அலமாரியில் அந்தப் பதிவேடு கிடைத்தது. கிடைத்த அன்றே மூடப்பட்டது. மூடிய மூவரில் ஒருத்தியின் கதையை நீங்கள் கேட்டாக வேண்டும்.

அவள் பெயர் நூலா. மன்றக் குழுவின் செயலாளர். தலைவர் டோனல், கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். மூன்றாமவள் பெர்னி, ஊரில் எந்த விருந்தானாலும் ரொட்டி சுட்டுக் கொடுப்பவள். புல்வெளியைக் கார் நிறுத்துமிடமாக்க நகரசபை இசைந்திருந்தது. பதிவேடு வெளியே வந்தால் தோண்டுவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், பிறகு இந்த மன்றத்தில் எவள் திருமணம் வைப்பாள் என்று டோனல் கேட்டார். கிறிஸ்துமஸ் கழியும்வரை பதிவேட்டைத் திறப்பதில்லை என்ற தீர்மானத்தை நூலாவே தன் கையால் எழுதினாள். எழுதுமுன் முதல் பக்கத்தை ஒரே ஒருமுறை பார்த்தாள். பெயர்கள் இருந்த வரிசையைக் கண் துணிந்து தொடவில்லை. ஓரத்தில் இருந்தது மட்டும் பதிந்துவிட்டது: ஐந்து வயது. இருமல். மூடிவிட்டாள். பதிவேடு டோனல் கடையின் இரும்புப் பெட்டிக்குள் போனது.

அந்த ஆண்டு வசந்தத்தில் இறைச்சித் தொழிற்சாலை மூடப்பட்டு ஊரில் பாதி வீடுகளில் சம்பளம் நின்றிருந்தது. அக்டோபர் கடைசி இரவில் பிள்ளைகள் பேய்வேடம் போடும் ஹாலோவீனுக்கு உடை வாங்கித் தர முடியாத பெற்றோர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கூசினார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்க, யாருக்கும் செலவு வைக்காத ஒரு விருந்தை மன்றத்திலேயே நடத்தலாம் என்று நூலா சொன்னாள். நல்ல காரியம். மனதின் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை நல்ல காரியத்தால் மூடிவிடலாம் என்று நினைத்தவள் இவள் ஒருத்தி மட்டும் அல்ல.

திட்டம் எளிது. டர்னிப் கிழங்குகளைக் குடைந்து விளக்காக்குவது. உத்தரத்திலிருந்து நூலில் ஆப்பிள் கட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிப்பது. பெர்னி சுடும் உலர்பழ ரொட்டிக்குள், கிடைப்பவருக்கு விரைவில் கல்யாணம் என்று, ஒரு மோதிரத்தை ஒளித்துவைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, காசே தேவைப்படாத அந்தப் பழைய விளையாட்டு. வேடமிட்டு வந்தவர் வாய் திறக்கக் கூடாது. அவர் யார் என்று பெயர் சொல்ல வேண்டியது வீட்டாரின் பொறுப்பு. பெயர் சொல்லப்பட்டவர் முகத்தைக் காட்டி, ஆப்பிளும் கொட்டைகளும் பெற்றுக்கொள்வார். பெயர் சொல்லாமல் எவரையும் வாசல் தாண்ட விடக் கூடாது. அந்த ஊரில் அது விளையாட்டுக்கும் மேற்பட்ட வழக்கம்.

உடைக்கு என்ன செய்வது? பதிவேடு கிடைத்த அதே அலமாரியின் அடித்தட்டில் படுக்கை விரிப்புகள் ஒரு கட்டு இருந்தன. தடித்த பருத்தி, மூலையில் சிவப்பு நூலில் தைத்த எண், நீளம் குறைவு. எவர் படுத்த விரிப்புகள் என்று நூலா தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பதினான்கு பிள்ளைகளுக்குப் பதினான்கு விரிப்புகளை எடுத்து, கண்களுக்குத் துளை வெட்டினாள். எல்லாப் பிள்ளையும் ஒரே பேய், யார் வீட்டில் இல்லாமை என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது வயது மகள் எத்னா பக்கத்தில் உட்கார்ந்து துளைகளின் ஓரத்தை மடித்துத் தைத்தாள்.

"துணியில ஒரு வாடை வருதும்மா," என்றாள் எத்னா.

"பழசுடி செல்லம். துவைச்சா போயிடும்."

மூன்றுமுறை துவைத்தும் போகவில்லை. சலவைச் சோப்பின் காரமும், ஈரம் காயாத அறையின் பூஞ்சை நெடியும்.

விருந்தன்று, குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. மழை கூரைத் தகரத்தில் சீராக விழுந்துகொண்டிருக்க, டர்னிப் விளக்குகளுக்குள் மெழுகுவத்திகள் கிழங்கின் சதையைக் கருக்கி இனிப்பும் கசப்புமான புகையைக் கசியவிட, நூலில் தொங்கிய ஆப்பிள்கள் காற்றே இல்லாத இடத்தில் மெல்ல, மிக மெல்ல, ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தன. பெற்றோர் சுவரோரம் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். மாதக்கணக்கில் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். பக்கத்து அறையில் விரிப்பு மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தபோது கைதட்டல் எழுந்தது.

நூலா மட்டும் கைதட்டவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த உருவத்தின் விரிப்பில் கண்துளைகள் இல்லை.

அது மற்றவர்களைவிடக் குட்டை. விரிப்பு தரையில் புரண்டது. புரண்ட ஓரம் நனைந்து, மண் ஒட்டியிருந்தது. பார்க்க வழியில்லாத அந்தத் தலை, நாற்காலியில் முட்டாமல், முன்னால் போனவளின் காலை மிதிக்காமல் நேராக வந்து நின்றது. நின்று, அறையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதுபோலத் திரும்பி, நூலாவுக்கு நேராக அசைவற்றது. அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பதினைந்து.

எவரோ தம்பி தங்கையைக் கூட்டிவந்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீட்டு விரிப்பை மாட்டிவிட்டிருப்பார்கள். ஆனால் கீழ் மூலையில் சிவப்பு நூல் எண் தெரிந்தது.

விளையாட்டு தொடங்கியது. பெர்னி முதல் பேயின் செருப்பைப் பார்த்தே தன் இரட்டையரில் ஒருவனைப் பெயர் சொல்லிப் பிடித்தாள். அடுத்தவனை அவன் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் பிடித்தாள். டோனல் வேண்டுமென்றே பிள்ளைகளுக்கு எல்லாம் ஊர்ப் பாதிரியாரின் பெயரைச் சொல்லி அறையையே குலுங்க வைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரிப்பு விலகியது. சிவந்த கன்னம், கலைந்த முடி, கையில் ஆப்பிள். பதின்மூன்று முகங்கள் வெளியே வந்தன. விரிப்புக்குள் இரண்டே பேர் மிஞ்சினார்கள். துளை இருந்த விரிப்புக்குள்ளிருந்து எத்னாவின் பழுப்புக் கண்கள் தாயைப் பார்த்துச் சிரித்தன. பக்கத்தில் மற்றது.

எத்னாவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு எல்லோரும் குட்டைப் பேயிடம் திரும்பினார்கள். பெர்னி தன் அக்காள் மகன் பெயரைச் சொன்னாள். அசைவில்லை. வேறொருவர் பக்கத்துத் தெருக் குழந்தையின் பெயரைச் சொன்னார். அசைவில்லை. ஒவ்வொரு தவறான பெயருக்கும் அது ஓர் அடி முன்னால் வந்தது. முதலில் அதையும் விளையாட்டென்றே சிரித்தார்கள். நான்காவது அடியில் சிரிப்பு குறைந்தது. ஆறாவது அடியில் ஒரு குழந்தை தாயின் மடியில் ஏறிக்கொண்டது. சோப்பு நெடி தொண்டையைப் பிடித்தது.

அப்போது அது இருமியது.

வறண்ட, ஆழமான, பழகிப்போன இருமல். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று கற்பிக்கப்பட்ட குழந்தை, வாயை மூடிக்கொண்டு இருமும் இருமல். ஐந்து வயது. இருமல். அந்தப் பக்கம் கண்முன் விரிந்தது. தாளின் மஞ்சள் தெரிந்தது. கோடு தெரிந்தது. பெயர் தெரியவில்லை. அவள்தான் பார்க்கவில்லையே.

டோனலின் கையைப் பிடித்து இழுத்துக் கதவோரம் போனாள்.

"கடைக்குப் போய் அந்தப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க. இப்பவே."

"உனக்கென்ன பைத்தியமா நூலா? இத்தனை பேர் முன்னாலயா?"

"அதுல முதல் பக்கத்துல இருக்கு. இதோட பேரு அதுல இருக்கு."

டோனலின் முகம் வெளுத்திருந்தது. அவரும் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தவர்தான், பெயரைப் படிக்காதவர். ஆனாலும் மறுத்துத் தலையை ஆட்டினார். "தீர்மானம் நீ எழுதினது. கிறிஸ்துமஸ் வரைக்கும்னு நீதான் எழுதின. போ, ஏதாவது ஒரு பேரைச் சொல்லி முடிச்சு வை. பிள்ளைங்க பயப்படுது."

ஏதாவது ஒரு பெயர். எண்ணிப் பாருங்கள், இந்த நாட்டில் இந்த வார்த்தை எத்தனை மேசைகளில் சொல்லப்பட்டிருக்கிறது.

அவள் திரும்பினாள். அது மிக அருகில் நின்றது. ஈர ஓரம் அவள் செருப்பைத் தொட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே ஒட்டி, வெளியே தளர்ந்து, மறுபடி ஒட்டியது. மூச்சு. காத்திருக்கும் மூச்சு. அறை முழுவதும் அவளையே பார்த்தது. முடித்துவிட வேண்டும். விளக்கைப் போட வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும். விரிப்புக்குள் இருக்கும் பெயர்களில் தனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொய்யென்று தெரிந்தே சொன்னாள்.

"எத்னா."

மூச்சு நின்றது. பிறகு அது தலையசைத்தது. மெதுவாக, இரண்டுமுறை.

வழக்கப்படி முகம் காட்ட வேண்டும். சிறிய கைகள் விரிப்பைப் பற்றி மேலே தூக்கின. தூக்கத் தூக்க உள்ளிருந்த உருவம் வளர்வதுபோலிருந்தது. முழங்கால். இடுப்பு. தோள். பிறகு முகம்.

எத்னாவின் முகம். எத்னாவின் சுருள்முடி. மேல்வரிசைப் பற்களுக்கிடையே எத்னாவின் சந்து.

அறை பெருமூச்சு விட்டது. கைதட்டியது. "அட, நீதானா, எப்படிப் பயமுறுத்திட்டே," என்று பெர்னி கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய விரல்களை உடனே பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெண் ஆப்பிளை வாங்கிக்கொண்டு நூலாவின் பக்கத்தில் வந்து நின்று, அவள் கைக்குள் தன் கையை நுழைத்தாள். பனிக்கட்டி. ஈரம். சோப்பு.

"அப்ப இது யாரு?" என்று எவரோ கேட்டார்.

துளை இருந்த விரிப்பு இன்னும் சுவரோரம் நின்றது. அதற்குள் பழுப்புக் கண்கள். இப்போது சிரிக்கவில்லை.

நூலா வாய் திறந்தாள். ஒன்பது ஆண்டுகளாக விடியற்காலையிலும் கோபத்திலும் காய்ச்சலிலும் கூப்பிட்ட பெயர். நாக்கு மேலே எழுந்தது. எழுந்த இடத்தில் நின்றது. ஒலி இல்லை. மறுபடி முயன்றாள். அந்தப் பெயர் உதட்டில் உருவானபோதே பக்கத்தில் நின்றவள்தான் தலை உயர்த்திப் பார்த்தாள். சுவரோரம் நின்றவளுக்கென்று ஒரு பெயரும் இல்லை.

மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக. தெரிந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் தீர்ந்தது.

"அம்மா." விரிப்புக்குள்ளிருந்து, பேசக் கூடாதென்ற விதியை மீறி, நடுங்கும் குரல். "விளையாட்டு போதும்மா. என் பேரச் சொல்லு. நான் வெளிய வரணும்."

நூலா பாய்ந்து விரிப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. துணி தோலைப் போல ஒட்டியிருந்தது. கத்தினாள். இது என் மகள் என்றாள். டோனல் அவள் தோளைப் பிடித்தார். "உன் மகளா? உன் மகதான் உன் கையப் பிடிச்சுட்டு நிக்கிறாளே, நூலா." சொன்னவரின் கண் சுவரோரம் நின்ற விரிப்பின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப மறுத்தது. பெற்றோர் தம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, மேற்சட்டையைக்கூட மாட்டாமல், மழைக்குள் போனார்கள்.

அவள் விரல்களுக்குக் கீழே துளைகள் சிறுத்தன. மகள் மடித்துத் தைத்த ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கின. இடது கண் மூடியது. வலது கண்ணில் கடைசியாக ஒரு பழுப்புப் புள்ளி. பிறகு வெறும் துணி. உள்ளே ஒட்டி, வெளியே தளர்ந்து, மறுபடி ஒட்டும் துணி.

பெயர் சொல்லாமல் வாசல் தாண்ட முடியாது. விரிப்புக்குள் இருப்பவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். மன்றத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே புதிதாக ஓர் இருமல் தொடங்கியிருக்கிறது. நூலா ஒவ்வொரு நாளும் அந்த இரும்புச் சாமான் கடை வாசலில் போய் நிற்கிறாள். குழு மறுபடி கூடியது. தீர்மானம் தீர்மானம்தான் என்று இருவர் கைதூக்கினார்கள், எதிர்த்தவள் அவள் ஒருத்தி. வீட்டில் அவள் மேசையில், அவள் மகளின் நாற்காலியில், மகளின் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் ஒருத்தி சமர்த்தாக உட்கார்ந்து, யாரும் தொந்தரவு செய்யாதபடி, சத்தமில்லாமல் சாப்பிடுகிறாள். அவள்மீது குற்றமில்லை. கொடுத்த பெயரை வாங்கிக்கொண்டாள். அவளுடைய சொந்தப் பெயர் கிடைக்கும்வரை அதை அவள் திருப்பித் தர மாட்டாள்.

அது முதல் பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்தொன்றில் ஒன்று. கேட்டவர்களே, இனி உங்களுக்கும் தெரியும். தெரியாதென்று சொல்லும் வழி உங்களுக்கு இல்லை. கடைத்தெருவுக்கு வாருங்கள். ஒருவராக வராதீர்கள், ஊராக வாருங்கள். இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை, ஒன்றையும் விடாமல், அந்தச் சுவருக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.