லாரி ஏறிய சொளகு

இது அறுபத்தெட்டாம் வருஷம் புதுவயலில் நடந்தது. அப்போது அழகியின் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நடுச்சுவர் குட்டை, அவ்வளவுதான்.

அழகியின் ஆத்தா சின்னத்தாயிக்கு அரிசி மில்லில் புடைக்கிற வேலை. புடைக்கும் முறத்தை எங்கள் பக்கம் சொளகு என்போம். அதை மில்லில் தரமாட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சொளகு இல்லாதவளுக்கு வேலையும் இல்லை.

சின்னத்தாயியின் சொளகு, அழகியின் அப்பா வீரையா மூங்கில் சீவித் தன் கையால் பின்னியது. அதற்கு முந்தின ஆடியில் வந்த காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

மில் முதலாளி மெய்யநாதனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். மதியம் சாப்பிட வெளியே போகும் பெண்கள் சொளகை உள்ளேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவர் உத்தரவு. சொளகோடு சேர்ந்து அரிசியும் வெளியே போய்விடுமாம். மில்லுக்குள் குருவிகள் தின்ற அரிசியை யாரிடம் கேட்டாரோ, தெரியாது.

ஒரு நாள் மதியம் அழகி பள்ளியிலிருந்து வந்து, மில் வாசல் வேப்பமரத்தடியில் ஆத்தாவோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூட்டை ஏற்ற வந்த லாரி பின்னால் நகர்ந்தது. சடசடவென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், சக்கரத்தடியில் அப்பாவின் சொளகு சிம்பு சிம்பாகக் கிடந்தது.

"ஒன் சாமானை நீதானத்தா பாத்துக்கிடணும்?" என்றார் முதலாளி. "வேற சொளகு கொண்டுக்கிட்டு வா. அதுவரைக்கும் வீட்டுல இரு."

சின்னத்தாயி சிம்புகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் காவல்காரர் கருத்தையா அந்த முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

மறுநாள் அவர்கள் வீட்டில் அடுப்பு புகையவில்லை. மதியம் அழகி தனியாக மில் வாசலுக்குப் போனாள்.

"மாமா, சாப்பிட வர்றப்ப சொளகையும் வெளிய கொண்டாந்தா விடுவீகளா?"

"அதெப்படி விடுவேன்? உள்ளதான் இருக்கணும். மொதலாளி உத்தரவு" என்றார் கருத்தையா.

"என்ன, விசாரணை பலமா இருக்கு?" என்று பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

அழகி திரும்பினாள். அவரையே கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஆத்தா வெளிய இருந்துச்சு. சொளகு உள்ள இருந்துச்சு. வெளிய எடுத்துக்கிட்டு வரக்கூடாதுன்னு சொன்னது நீங்க. அப்ப அதை யாரு பாத்துக்கிடணும்?"

முதலாளி வாயில் வெற்றிலை. மென்றார். மெல்ல ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் மென்றார். மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள், எடுத்த கவளத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

கடைசியில் துப்பிவிட்டுச் சொன்னார்: "கருத்தையா, மில்லுச் செலவுல ஒரு சொளகு வாங்கி இந்தப் புள்ளைக்கிட்ட குடு. அப்புறம் சுவத்துல ஆணி அடிச்சு வையி. சொளகெல்லாம் இனிமே மேலேயே தொங்கட்டும்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் வீட்டுச் சமையல்காரி சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுச் சொளகைச் சின்னத்தாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இனி வேலைக்குப் போயிரலாம்" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் ஆத்தா அழுகுற?"

"இது ஒங்கப்பா கை படாதது, அழகி."

அழகி எழுந்துபோய் வெந்தயத்தை ஊறப்போட்டாள். புதுச் சொளகில் வெந்தயமும் பழைய காகிதமும் அரைத்துப் பூசினால்தான் இடுக்கெல்லாம் அடைபடும்.

விடியற்காலையில் அழகி அரைத்தாள். ஆத்தா பூசினாள். "நானும் பூசுறேன்" என்று அவளும் கையை வைத்தாள். ஆத்தா தடுக்கவில்லை.

வெயில் ஏறியதும் சொளகு வாசலில் காய்ந்தது. பெரிய விரல்கள் இழுத்த கோடுகளுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் கோணலாக, சின்ன விரல்களின் கோடுகள்.