வேம்புலி சொல்லாமல் போனது

மேனாம்பேட்டில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில்தான் அந்தப் பேச்சுப் பயிற்சி மையம். பகலிலும் ட்யூப்லைட் எரிய வேண்டிய அறை. சுவரில் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு வாடை. பிற்பகல் மூன்று மணிக்கு ரேகா தன் கணவரை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி உள்ளே அழைத்து வந்தாள்.

கஜபதி ஆவடி டேங்க் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. யார் பேசினாலும் புரியும். பதிலுக்கு ஒரு சொல் வராது.

பயிற்சியாளர் சபீனா அவர் தலையின் இடப்பக்கம் காந்தச் சுருளைப் பொருத்தினாள். டக், டக், டக். ஒரு பொருளை அறியும் மூளைப் பகுதிக்கும், அதன் பெயரை நாக்குக்கு அனுப்பும் பகுதிக்கும் நடுவே அறுந்துபோன தொடர்பை அது தட்டித் தட்டி எழுப்பும். பிறகு படம் காட்டுவாள். அவர் பெயர் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள், "குடை" என்றார். ரேகா அழுதுவிட்டாள்.

அடுத்தது கதவுப் படம்.

"எழிலு, கதவ சாத்திகினியா?"

கஜபதியின் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அவர் குரல் இல்லை அது. கரகரத்த, வயதில் சின்னவனின் குரல்.

"யாருங்க எழிலு?" ரேகா கேட்டது கணவரை அல்ல, சபீனாவை.

சபீனா படத்தைக் கவிழ்த்து வைத்தாள். போன மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன் வேம்புலி, மண்ணூர்பேட்டை ஆட்டோக்காரன். மனைவி பெயரையாவது சொல்லிவிட வேண்டுமென்று ஏழு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினான். எட்டாம் நாள் செத்துப்போனான்.

அந்த மனைவி பெயர் எழில்.

மறுநாள் கஜபதியிடம் 'குடை'யும் இல்லை. மெஷின் ஓடினால் அந்தக் குரல். நின்றால் மௌனம்.

"நிறுத்திடலாம் மேடம். இல்லன்னா சாரோட சொல்லெல்லாம் போயிடும்" என்றாள் சபீனா.

ரேகா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ண ஒரு தடவ வரச் சொல்லுங்க. ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

எழில் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தாள்.

டக், டக், டக்.

"எழிலு."

"இன்னாய்யா?" அவள் கஜபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"இருட்டா கீது. யாருமே இல்ல. பயமா கீது."

"நான் இங்கதான் கீறேன்." அவள் குரல் உடைந்தது. "இவர உட்டுடுய்யா. அவரு பொஞ்சாதி பாவம், பாத்துகினே கீது."

சபீனா மெஷினை நிறுத்தினாள். அறையில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

கஜபதி மெல்லத் தலையைத் திருப்பினார்.

"ரே... கா."

ரேகா அவர் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

கணவன் மனைவி இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சபீனா திரும்பியபோது எழில் இன்னும் வாசலில் நின்றிருந்தாள்.

"தனியா போயிடுவீங்களா?"

எழில் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வந்தது அந்தக் கரகரத்த ஆண் குரல்.

"ஊட்டுக்குப் போலாம், எழிலு."

அவள் திடுக்கிடவில்லை. தன் உதடுகளை ஒருமுறை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். சரியென்று தலையசைத்தாள். வெயிலில் இறங்கி நடந்தாள்.