கத்தினால் பார்த்துக்கொள்ளலாம்

பழைய வைஃபையில் இன்னும் ஒட்டியிருப்பவற்றின் பட்டியலில் ஒரு கருவி மட்டும் மிச்சமிருந்தது. அதற்குப் பெயரில்லை, வெறும் எண்தான்.

மாமல்லபுரம் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கல்லூரியில் அந்த வைஃபைக்கு அன்றோடு முடிவு. நாலு தடவை மெயில் அனுப்பியும் அந்தக் கருவி தன்னுடையது என்று எவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வளாகத்தில் ஏசியின் முனகலும், ஜன்னல் இடுக்கில் நுழையும் உப்புக்காற்றும்தான் நெட்வொர்க் பொறுப்பாளர் பிரதீபாவுக்குத் துணை. வயர்மேன் கலையரசன் மீன் ரூமுக்குப் போயிருந்தான். கடலியல் துறையின் உறைகிடங்கு அது.

"புது வைஃபை பொட்டி மாட்டிட்டு வெளிய வந்து போன் பண்றேன் மேடம். அப்பால பழச அணைங்க," என்று சொல்லியிருந்தான்.

பதினொன்றரை வரை பொறுத்தாள். டீக்கடையில் ஒதுங்கியிருப்பான், பொறுப்பு கெட்டவன். மேலதிகாரி பார்த்தசாரதி வேறு போனில் அவசரப்படுத்தினார். யாருடையது என்று தெரியாததை அணைத்துவிட்டு, எவன் கத்துகிறான் என்று காத்திருப்பது அவர்கள் தொழிலில் வழக்கம்.

"அணைச்சுடும்மா. யாராவது கத்துனா பாத்துக்கலாம்."

அணைத்தாள்.

உடனே கணினித் திரையிலும் அவள் போனிலும் ஒரு வரி: பெயரில்லாத கருவி இணைப்புக் கேட்கிறது, மறுக்கப்பட்டது. பத்து நொடியில் இன்னொன்று. பிறகு மூன்று நொடிக்கொன்று, நொடிக்கொன்று, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டே இருந்தன. கேட்டுச் சாகட்டும் என்று சிரித்துக்கொண்டே எலுமிச்சை சாதத்தைப் பிரித்தாள். ஒரு மணிக்குமேல் வரிகள் தளர்ந்தன. இரண்டேகாலுக்கு நின்றன. யாரும் கத்தவில்லை.

நாலு மணிவரை கலையரசன் வரவில்லை. அவன் போன் எல்லைக்கு வெளியே இருந்தது. பிரதீபா தேடிக்கொண்டு நடந்தாள்.

மீன் ரூம் வராந்தாவில் அமோனியா நெடி. கதவருகே அவன் செருப்பு. பூட்டின்மேல் மங்கிய ஸ்டிக்கரில் ஓர் எண்.

அதே எண்.

உள்ளே பொத்தானை அழுத்தினால், திறக்கலாமா என்று வைஃபையிடம் கேட்கும் பூட்டு. வைஃபை இல்லையென்றால் திறக்காது. இரும்புக் கதவு, முக்கால் அடி கனம். எந்தச் சத்தமும் வெளியே வராது.

கதவிலிருந்த கண்ணாடி ஜன்னலைத் துடைத்தாள்.

கலையரசன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமையில் வெண்பனி. இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியோடு ஒட்டியிருந்தன. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

போன் அடித்தது. பார்த்தசாரதி.

"இன்னாம்மா, யாராவது கத்துனாங்களா?"

காதருகே போன் அதிர்ந்தது. பார்த்தாள். திரையில் புதிய வரி.

இணைப்புக் கேட்கிறது.

அவன் கைகள் அசையவில்லை.

கேட்கிறது. கேட்கிறது. கேட்கிறது.