களைக்காத தூள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு தூளின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயுவை நிறுத்தி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில், தூள் நிரப்பிய உலைக்குழாயின் அடியில் இருந்த குடுவையில் மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தூளைச் செய்தவள் அங்கே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி. நிலக்கரியிலிருந்து எடுக்கும் வாயுவை மெழுகாக மாற்றும் வினையூக்கி அது. கோபால்ட் துகள்கள், ஒவ்வொன்றும் தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மற்றவர்கள் செய்தவை சில வாரங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் களைத்துப்போகும். தன்னுடையவை களைக்கவே கூடாது என்று, நான்கு வருடம் மாடாய் உழைத்து, ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய கூடு கட்டியிருந்தாள்.

குழாய் வேலை பார்க்கும் அண்ணன் வால்வை மறுபடி இறுக்கிப் பார்த்தார்.

"உங்க தூளுக்கு லீவே கிடையாதா மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில் அந்தச் சொட்டு, யாரோ பொறுமையாக விரலால் மேசையைத் தட்டுவது போல், சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அணைத்த மெழுகுவத்தியின் வாடை அறை முழுவதும் கனத்துத் தொங்கியது. வாயு இல்லாமல் இந்தத் தூள் எதைத் தின்கிறது?

அண்ணன் மேல் மூடியைக் கழற்றி உள்ளே குனிந்தார். சொட்டு வேகமெடுத்தது. விலகினார். தளர்ந்தது.

மறுபடி குனியச் சொன்னாள். வேகமெடுத்தது.

மூச்சு. மூச்சைத் தின்கிறது.

அவள் கை தன் சட்டைக் கையைத் தடவியது. இரண்டு நாள் முன்பு தூளைக் கொட்டும்போது வெள்ளைக் கோட்டின் மீது சிந்தியதும், அவசரத்தில் அதைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப்போனதும் நினைவுக்கு வந்தன. கணவனுக்கு ஃபோன் செய்து கோட்டு எங்கே என்று கேட்டாள்.

"பாப்பாதான் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குறா. துவைக்கவே விட மாட்டேங்குறா. உன் வாசனை இருக்காம்."

கொஞ்சம் இருமல், அதனால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றான்.

மழையில் வீட்டுக்கு ஓடினாள். மாடிப்படியிலேயே அந்த வாடை.

கதவு திறந்திருந்தது. மகள் ஜன்னலோரம் முட்டி போட்டு, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினாள். விரலால் பூ வரைந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். அழியவே மாட்டேங்குது."

அம்மா நகத்தால் சுரண்டினாள். மெழுகு வெள்ளைச் சுருளாக உரிந்து வந்தது.

குழந்தைக்கு எட்டும் உயரம் வரை எல்லாக் கண்ணாடியும் வெள்ளை. மகளின் உதடுகளும்.

மகள் சிரித்தாள். மறுபடி ஊதினாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊதுகிற கண்ணாடியெல்லாம் நொடியில் தெளியட்டும், கண்ணுகளா. நன்றாயிருங்கள்.