ராய் ஹாஸ்கலின் பச்சை ஃப்ளாஸ்க்

"என் புருஷனைக் காணோம்" என்று சொல்லிக்கொண்டு லொரெய்ன் ஹாஸ்கல் காவல் அறைக்குள் நுழைந்தபோது, வெர்னன் டேட் வலது முழங்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஃபுளோரிடாவின் ஆகஸ்ட் வெயில் கண்ணாடிக் கதவைச் சுட்டது. இந்த உல்லாசப் பூங்காவின் வண்டியையே வீடாக்கி ஓட்டி வருவோர் தங்கும் வண்டிவீட்டு முகாமில் பாதுகாப்பு அதிகாரியாக அவர் பார்த்த புகார்கள் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு மட்டும் காணாமல் போன நாய் ஒன்று, பொய்ப்பல் செட் ஒன்று. இப்போது புருஷன்.

"எங்க கடைசியா பாத்தீங்கம்மா?"

"படுக்கைக்கு மேல அலமாரியில. பச்சை ஃப்ளாஸ்க்ல."

வெர்னனின் உதவியாளர் பெகி சோரன்சன் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். பார்க்கிற எல்லாவற்றிலும் மர்மம் தேடும் பெண்மணி அவள். ஐம்பது வயதிலும் அந்த ஆசை தீரவில்லை. "சாம்பலா?" என்றாள் கிசுகிசுப்பாக.

லொரெய்ன் தலையசைத்தார். அவர் கணவர் ராய் வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்களுடைய வண்டிவீட்டை லொரெய்ன் நாளைக் காலை ஒருவருக்கு விற்கப்போகிறார். அதற்கு முன் இன்று சாயங்காலம் பூங்காவின் ஏரியில் படகு போகும்போது அவரைக் கரைத்துவிடுவதாகத் தீர்மானம்.

"அது விதிப்படி கூடாதும்மா" என்றார் வெர்னன்.

"அதனாலதான் ஃப்ளாஸ்க்."

வெர்னன் அதைக் கேட்காதவர்போல எழுந்தார். பெகி ஓட்ட, கோல்ஃப் வண்டியில் மூவரும் போனார்கள்.

வண்டிவீடு சைப்ரஸ் மரத்தடியில் நின்றது. பூட்டு உடையவில்லை. காலையில் பூட்டிவிட்டுப் பூங்காவுக்குப் போய், கடைசியாக ஒருமுறை குதிரை ராட்டினத்தில் சுற்றிவிட்டு வந்ததாகவும், சாவி தண்ணீர்க் குழாய் வைக்கும் பெட்டியில் தொங்கியதாகவும் லொரெய்ன் சொன்னார்.

"எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க" என்று பெகி பெருமூச்சு விட்டாள். "அப்ப இந்த முகாமே சந்தேக லிஸ்ட்."

"போதாக்குறைக்கு டி.வி.யும் போச்சு" என்றார் லொரெய்ன். "காலைல வானிலை நல்லா வந்துச்சு. இப்ப வெறும் புள்ளி. இன்னிக்கு எனக்கு நேரமே சரியில்ல."

வெர்னன் கூரையை அண்ணாந்து பார்த்தார். அக்கம்பக்கத்து வண்டிகளின் மேல் எல்லாம் ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நின்றன. லொரெய்ன் வண்டியின் மேல் ஓர் அணில்தான் உட்கார்ந்திருந்தது.

உள்ளே எதுவும் கலையவில்லை. கைப்பை மேஜை மேலேயே கிடந்தது; உள்ளே எல்லாம் இருந்தது. கூரையில் ஒரு சுழற்றும் கைப்பிடி. அதன் அருகே சுவரில் ஒரு பழைய புகைப்படம்: அப்பாவின் தோளில் ஒரு பொடியன், இரண்டு கையாலும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். வெர்னன் அதன் முன் கொஞ்சநேரம் நின்றார்.

"பெகி, இவங்களுக்கு வேண்டியவங்க எல்லாரையும் கூப்பிடு. வெளிய மேஜைகிட்ட."

"அதுக்குள்ளயா சார்?"

"கால் வலிக்குது."

மூன்று பேர் வந்தார்கள். பக்கத்து வண்டிப் பெரியவர் பர்ல் ஓடம். அவர் ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி லொரெய்ன் புகார் கொடுத்ததிலிருந்து இருவருக்கும் ஆகாது. வண்டியை வாங்கவிருக்கும் பிரெஸ்டன் கீல்; கையில் அளவு நாடா. லொரெய்னின் மகன் டாரன். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக அட்லாண்டாவிலிருந்து வந்தவன், நரைக்கத் தொடங்கிய தலை, வாடிய முகம்.

"நான் இப்பதான் வந்தேன்" என்றான் டாரன். "இன்னும் வண்டிக்குள்ள ஏறக்கூட இல்ல."

பர்ல் சீறினார். "என்னை எதுக்குய்யா கூப்பிட்டீங்க? சாம்பலைத் திருடி நான் என்ன பல்லு விளக்கவா போறேன்?"

"உனக்குப் பல்லு இருக்கா முதல்ல?" என்றார் லொரெய்ன்.

"ஐயோ, சண்டை வேண்டாம்" என்ற வெர்னன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். "கைப்பையை விட்டுட்டு ஃப்ளாஸ்க்கை மட்டும் எடுத்திருக்காங்க. அப்ப அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்கதான். உங்க மூணு பேருக்கும் தெரியும், இல்லையா?"

"இந்தம்மா முகாம் பூரா சொல்லிட்டாங்களே" என்றார் பர்ல்.

"சரி. வந்தவர் இன்னொண்ணும் செஞ்சிருக்கார். ஆன்டெனாவை இறக்கியிருக்கார். அதான் டி.வி. வரல. உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுத்தினாத்தான் அது இறங்கும்."

பெகி துள்ளினாள். "காத்துக்குப் பயந்து இறக்கியிருப்பாங்க!"

"இன்னிக்கு இலை அசையல பெகி. நிக்கிற வண்டியில ஆன்டெனாவை யாரும் தொடமாட்டாங்க. வண்டி கிளம்பும்போதுதான் இறக்குவாங்க, இல்லன்னா முதல் மரத்துலயே முறிஞ்சிடும். பிரெஸ்டன், கூரையில இருக்கே கைப்பிடி, அது எதுக்கு?"

பிரெஸ்டன் விழித்தார். "துண்டு காயப்போடத்தானே?"

"ஆண்டவரே" என்றார் லொரெய்ன். "காலைலயும் இதையேதான் கேட்டாரு."

"பர்லுக்கு அது தெரியும். ஆனா அடுத்தவன் வண்டிக்குள்ள திருட வந்தவன், ஆன்டெனா மரத்துல இடிச்சா என்ன இடிக்காட்டி என்னன்னு போவான். அதை இறக்கணும்னு யாருக்குத் தோணும்? அப்பாவோட இந்த வண்டியில கிளம்பறப்பல்லாம் அதை இறக்கியே பழகினவருக்கு. மூளைக்குத் தெரியாமலே கை அதைச் செஞ்சிடும். இன்னிக்கும் அவர் அப்பாவோடதானே கிளம்பினாரு."

தூரத்தில் ராட்டினத்தின் இசை கேட்டது. டாரன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானா இறக்கினேன்?" என்றான். "சத்தியமா ஞாபகமில்ல."

லொரெய்ன் எழுந்துபோய் மகனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "பெத்தவகிட்டயே திருடுவியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா!"

"எத்தனை தடவைம்மா கேட்டேன்? ஃபோன்ல நான் அப்பான்னு ஆரம்பிச்சாலே நீ டி.வி. சத்தத்தைக் கூட்டிடுவே. அந்த ஏரியில சாம்பல் கொட்டினா என்ன ஆகும்னு நான் விசாரிச்சேன். வலை போட்டு அள்ளுவாங்களாம். கரையில விழுந்ததை வாக்குவம் வெச்சு உறிஞ்சிக் குப்பையில போடுவாங்களாம். அப்பாவைம்மா!"

லொரெய்ன் வெர்னனைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லுங்கள் என்று கெஞ்சியது அந்தப் பார்வை.

"நானே கூட நின்னிருக்கேன்மா" என்றார் வெர்னன். இந்த வேலையில் அவருக்கு அலுத்துப்போன பல விஷயங்களில் அது முதலாவது. "கூடாதுன்னு நாங்க சொல்றதே அதுக்காகத்தான்."

லொரெய்ன் உடைந்து அழுதார். பர்ல் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தன் அடுப்பில் வெந்துகொண்டிருந்த தொத்திறைச்சியில் ஒன்றைத் தட்டில் வைத்து லொரெய்ன் முன் நகர்த்தினார்.

டாரனின் கார் முகாம் வாசலில் நின்றது. எல்லாரும் நடந்துபோனார்கள். முன் சீட்டில் அந்தப் பச்சை ஃப்ளாஸ்க் இருந்தது, சீட் பெல்ட் போட்டபடி. லொரெய்ன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது பெல்ட் போட்டாரா?" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது.

ராய் வழக்கமாகத் தூண்டில் போட்டுவந்த சொந்த ஊர் ஏரிக்கே அவரைக் கொண்டுபோவதென்று அங்கேயே முடிவானது. வண்டியைப் பிறகு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வதாக பிரெஸ்டன் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் லொரெய்ன் டி.வி. பார்க்க, டாரன் ஆன்டெனாவை ஏற்றிக்கொடுத்தான்.

மறுநாள் காலை வெர்னனும் பெகியும் வாசல் தடுப்பைத் தூக்கிவிடக் காத்திருந்தார்கள். மரத்தடியில் வண்டிவீடு உறுமியது. லொரெய்ன் ஓட்டுநர் இருக்கையில். பக்கத்து இருக்கையில் ஃப்ளாஸ்க், பெல்ட்டோடு. டாரன் பின்னால் உள்ளே இருந்தான்; காரைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வானாம்.

லொரெய்ன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி, கிளம்புமுன் புருஷன் கேட்பது போலவே கரகரத்த குரலில் கத்தினார். "ஆன்டெனா?"

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. "இறக்கியாச்சுப்பா!"

ஆனால் வண்டி நகரவில்லை.

பெகி தடுப்பின் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல், "சார், என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்றாள்.

"இரு" என்றார் வெர்னன். "அவங்க கிளம்பும்போது கிளம்பட்டும்."